படையொழுங்கும் உடன்வீரர் நோக்கும்

நாட்டின் காவற்கு இன்றியமையாத உறுப்புக்களுள் படை தலையாயது என்பது நம் முன்னோர் துணிபு. வள்ளுவனார் பொருட்பாலுள் படைமாட்சி என ஓரதிகாரமும், படைச்செருக்கு என மற்றோரதிகாரமும் வகுத்தனர். முன்னது படையின் இயல்பு கூறுவது. பின்னது அப்படைக்கண் நிற்கும் வீரனது நெஞ்சின் மிகுதி கூறுவது. யானையும் குதிரையும் வேலும் துப்பாக்கியும் எத்துணை இருப்பினும், ஒழுங்கு இல்லாதவிடத்து அது படையாகாது, வெறுங் கூட்டமேயாம். அவ்வொழுங்கு எதனால் நிலைபெறுகின்றது, எதனாற் குலைகின்றது என்பதனை நம் சங்கத்து அன்பர்கள் முன்னிலையில் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒழுங்கு தண்டத்தால் நிற்கும் என்பர் ஒரு சாரார். கூலியால் நிற்கும் என்பர் மற்றொரு சாரார். நாட்டுப்பற்றால் நிற்கும் என்பார் பிறிதொரு சாரார். இம்மூன்றும் பொய்யல்ல, ஆயினும் இவற்றால் மட்டும் அமையாது. குண்டுமாரி பொழியும் களத்தின்கண் தலைவன் கையிலுள்ள கசை சேய்மைக்கண்ணது, சாக்காடோ கண்முன்னது. நாளைக்குப் பெறும் கூலி இன்று மாய்வானுக்கு என்ன பயன்? நாடு என்பதும் அந்நேரத்தில் மனத்தளவில் நிற்கும் பொருளே. அவ்வேளையில் வீரனுக்கு அணுக்கமாக இருப்பவர் யாவர்? தன் வலப்புறத்து நிற்பவனும் இடப்புறத்து நிற்பவனுமே. அவர்களோடு ஒரு கலத்துச் சோறுண்டவன், ஒரு கூரையின்கீழ் உறங்கினவன், அவர்கள் தன்னை என்ன நினைப்பரோ என்று எண்ணுகின்றான்; எண்ணி, ஓட எடுத்த காலைப் பின்னும் ஊன்றி நிற்கின்றான். இவ்வெண்ணத்தை ஈண்டு 'உடன்வீரர் நோக்கு' என்னும் பெயராற் குறிப்போம்.

இதனைப் பண்டைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். வெண்ணிப் போரிற் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், தான் பெற்ற புண் புறப்புண்ணாயிற்று என நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான் என்பது புறநானூற்றாற் போந்த செய்தி. அரசனாகிய அவனைத் தண்டிக்கத் தக்க மேலோன் ஒருவனும் இலன். அவனை வடக்கிருக்கச் செய்தது சட்டமன்று. தன்னை ஒத்த மன்னரும் மறவரும் தன்னை எங்ஙனம் நோக்குவர் என்னும் நாணமேயாம்.

இந்நோக்கு தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. கரைக்குள் ஓடுங்கால் வயலை விளைவிக்கும் ஆறே கரை கடந்தபோது ஊரை அழிக்கும். தலைவன் ஆணையும் உடன்வீரர் நோக்கும் ஒருவழிப்பட்டவிடத்துப் படை மலைபோல் நிற்கும். இரண்டும் மாறுபட்டவிடத்து ஆணை தோற்கும், நோக்கே வெல்லும். தலைவனே 'வேண்டாதார் விலகலாம்' என்று கட்டவிழ்த்துவிட்டவிடத்தும், நோக்கு என்னுங் கட்டு அவிழாது நின்று மக்களைக் கொடுஞ்செயலில் தள்ளும். இம்மூன்று நிலைக்கும் சரித்திரத்தினின்று ஒவ்வொரு சான்று காட்டுவாம்.

முதலாவது, பண்டை உரோமர் படை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பொலிபியஸ் என்னும் கிரேக்க சரித்திர ஆசிரியர், அப்படையின் நடைமுறைகளைத் தம் நூலின் ஆறாம் பகுதியில் விரித்துரைத்துள்ளார். இரவுக்காவலில் உறங்கிப்போன வீரன் விசாரணையிற் குற்றவாளி எனத் துணியப்பட்டால், படைத்தலைவன் ஒரு தடியை எடுத்து அவனை மெல்லத் தொடுவான். தலைவன் செய்வது அவ்வளவே. அதன்பின் பாசறையிலுள்ள வீரர் அனைவரும் தடிகொண்டும் கல்கொண்டும் அவனைத் தாக்குவர். பெரும்பாலோர் அவ்விடத்திலேயே மாய்வர். தப்பிப் பிழைத்தவனுக்கும் உய்வில்லை. அவன் தன்னூர்க்கு மீளுதல் கூடாது. உற்றாரும் அவனை வீட்டில் ஏற்கத் துணியார். உறங்கிய காவலன் தலைவனுக்கு மட்டும் பிழை செய்தானல்லன். தன்னை நம்பி உறங்கிய தோழர் உயிர்க்கே பிழை செய்தான் என்பது அத்தண்டத்தின் கருத்து. ஆதலின் தோழர் கையாலேயே அது நிறைவேறிற்று.

ஒரு பிரிவு முழுதும் களத்தினின்று ஓடிவிடின் அனைவரையுங் கொல்லுதல் இயலாதன்றோ? அப்போது சீட்டுப்போட்டு ஏறக்குறையப் பத்தில் ஒருவனைத் தேர்ந்து தடியால் அடித்துக் கொல்வர். எஞ்சினார்க்குக் கோதுமை இல்லை, வாற்கோதுமையே உணவு. அவர்கள் அரணுக்கு உள்ளே தங்குதலுமாகாது. வெளியே, பகைவர்க்கு எளிதாகக் கூடாரம் அடித்தல் வேண்டும். உணவும் இடமும் சிறியவையே எனினும், படை முழுவதும் காணும்படி அவை மாற்றப்பட்டதே தண்டத்தின் கொடுமை. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த போரில், கி.மு. 72-71ஆம் ஆண்டுகளில், கிராசஸ் என்பான் இப்பழைய தண்டத்தைப் புதுப்பித்தான். முதலில் ஓடிய 500 பேரைப் பப்பத்துப் பேராக 50 கூறுசெய்து, கூறுக்கு ஒருவனைக் கொல்வித்தான் என்று புளூட்டார்க் எழுதுகின்றார்.

தண்டம் போலவே சிறப்பும் உடன்வீரர் கண்முன்னர் அளிக்கப்பட்டது. தன் நாட்டான் ஒருவன் உயிரைப் போரிற் காத்த வீரன் முடிசூட்டிச் சிறப்பிக்கப்பட்டான். காக்கப்பட்டவன், தன்னைக் காத்தவனை வாழ்நாள் முழுதும் தந்தையாகப் போற்றக் கடமைப்பட்டான். பிற்காலத்துப் பேரரசர் படையில் எட்டுப்பேர் ஒரு கூடாரம், பத்துக் கூடாரம் ஒரு நூற்றுவர் பிரிவு என அமைத்தனர். பெயர் நூற்றுவராயினும் தொகை எண்பதே. அவ்வெட்டுப்பேரும் ஒருங்கே சமைத்துண்டு, ஒருங்கே உறங்கி, ஒருங்கே போர்க்குச் சென்றனர். இவ்வாறு ஆணையும் நோக்கும் இரட்டை மாடுகளாக ஒரு நுகத்திற் பூட்டப்பட்டமையால், அவ்வண்டி பல நூற்றாண்டு ஓடிற்று. அத்தண்டங்களின் கொடுமையை நாம் போற்றுகின்றோமல்லோம்; அவற்றின் பொறி எங்கிருந்தது என்பதனையே காண்கின்றோம்.

இனி இரண்டாவது நிலைக்கு நம் நாட்டுச் செய்தியே சான்றாகும். 1806ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்த சிப்பாய்க் கிளர்ச்சியை அறியாதார் இலர். விடுதலை வேட்கையின் முதற்பொறிகளுள் ஒன்றாக அதனைப் போற்றுவர். அதன் 200ஆம் ஆண்டு நிறைவில், 2006இல், இந்திய அரசினர் அஞ்சல் தலையும் வெளியிட்டனர். அப்பெருமை ஒருபுறம் நிற்க. அக்கிளர்ச்சி படையொழுங்கைப்பற்றிக் கற்பிப்பது யாது என்பதே ஈண்டைக்கு வேண்டுவது.

1805ஆம் ஆண்டு நவம்பரில், சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகிய சர் ஜான் கிராடக் காலத்தில், சிப்பாய்கள் உடைபற்றிப் புதிய விதிகள் பிறந்தன. அணிவகுப்பில் நெற்றிக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, மோவாய் மழித்தல் வேண்டும், மீசை ஓரளவாகக் கத்தரித்தல் வேண்டும், பழைய தலைப்பாகைக்கு ஈடாகத் தோற்குஞ்சம் வைத்த புதிய தலையணி தரித்தல் வேண்டும் என்பன அவை. இவற்றை வகுத்தோர் நேர்த்தி ஒன்றையே கருதினர் போலும். அத்தலையணியோ சிப்பாய்கள் கண்ணுக்கு ஐரோப்பியரும் மதம் மாறினாரும் அணியும் தொப்பியாகவே தோன்றிற்று.

அச்சிப்பாயின் நிலையை எண்ணிப் பார்மின். அவன் கம்பெனியார் கூலியை உண்பவன். ஆணையை மீறினாற் கசையடி உண்டு என்பதும் அறிந்தவன். ஆயினும் அவன் இராப்பொழுதில் திரும்புவது தன்னவர் நடுவிலேயாம். தொப்பி அணிந்தானைத் தோழர் நகுவர். உற்றார் உடனிருந்து உண்ணார். மணவினை கொள்ளார், கொடார் என்னும் அச்சம் அவனைப் பற்றிற்று. துரைமார் தண்டம் முதுகை வருத்தும். தன்னவர் தண்டம் குடியை வருத்தும். இவ்விரண்டனுள் எது பெரிது என்று அவன் நெஞ்சு நிறுத்துப் பார்த்ததிற் புதுமை என்னை?

1806ஆம் ஆண்டு மே மாதத்தில் வேலூரிலிருந்த ஒரு பட்டாளத்தார் புதிய தலையணியை ஏற்க மறுத்தனர். மறுத்தாரைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்தனர். ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமுமாக இருவர் கசையடிபெற்றுப் படையினின்றும் நீக்கப்பட்டனர். மற்றும் 19 பேர் தண்டனை விதிக்கப்பட்டு, மன்னிப்பு வேண்டி அதனைப் பெற்றனர். இதனோடு எல்லாம் அடங்கிற்று என்று துரைத்தனத்தார் கருதினர். அடிபட்ட இருவரும் தோழர் கண்ணுக்குக் குற்றவாளிகளாகத் தோன்றாது மானங்காத்தவராகவே தோன்றுவர் என்பதனை அவர்கள் எண்ணிற்றிலர். தண்டம், காண்போர் நெஞ்சு உடன்பட்டாலன்றித் தண்டமாகாது. உடன்படாவிடின் அதுவே பட்டமாகிவிடும்.

அதன்பின் சிப்பாய்கள் மறைவாகக் கூடி உறுதிமொழி எடுத்தனர். அவ்வுறுதிமொழிக்கு மாறாக ஒரே ஒருவன் வாய் திறந்தான். அவன் முஸ்தபா பெய்க் என்னும் சிப்பாய். சூன் மாதத்தில் அவன் தன் பட்டாளத் தலைவராகிய கர்னல் போர்ப்ஸ் என்பவரிடம் சென்று, கிளர்ச்சி உருவாகின்றதென்று அறிவித்தான். போர்ப்ஸ் செய்தது யாது? அப்பட்டாளத்திலுள்ள இந்திய அதிகாரிகளையே கூட்டி, இது மெய்யோ என்று ஆராயச் சொன்னார்! அவர்களுட் பலரும் அவ்வுறுதிமொழிக்கு உட்பட்டவர். அவர்கள் ஒருவாய்ப்பட, 'இவன் பித்தன்' என்றனர். முஸ்தபா பெய்க் சிறையில் இடப்பட்டான்.

அவன் செய்தது காட்டிக்கொடுத்தல் என்பார் கூற்றும் உண்டு. அஃது அவரவர் நிற்கும் பக்கத்தைப் பொறுத்தது. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றே. கூட்டத்தினின்று விலகி நின்ற ஒருவனது சொல்லின் மெய்ம்மையை அக்கூட்டத்தாரையே கேட்டறிய முயன்றது, களவு நிகழ்ந்ததோ எனக் கள்வரவையில் வினவியது போலாயிற்று. உடன்வீரர் நோக்கு என்பது வீரனிடத்து மட்டுமன்று, அதிகாரியிடத்தும் வேலை செய்யும் என்பதனை அவர் மறந்தார்.

சூலை 10ஆம் நாள் விடியலில் அணிவகுப்பு நிகழவேண்டியிருந்தமையால், கோட்டைக்கு வெளியே குடும்பத்தோடு வாழ்ந்த சிப்பாய்களும் முன்னாளிரவு உள்ளேயே தங்கினர். நள்ளிரவு கழிந்து இரண்டு மணிக்குத் துப்பாக்கி முழங்கிற்று. கோட்டைத் தலைவராகிய கர்னல் பான்கோர்ட் உள்ளிட்ட அதிகாரிகள் 14 பேரும், 69ஆம் பட்டாளத்து ஆங்கில வீரர் 115 பேரும் மாண்டனர். விடியலிற் கோட்டைமேல் மைசூர் சுல்தானது கொடி பறந்தது. ஆற்காட்டினின்று கில்லஸ்பி என்பார் குதிரைப்படையோடும் சிறு பீரங்கிகளோடும் விரைந்துவந்து, முற்பகலிலேயே கோட்டையை மீட்டார். ஏறக்குறைய 350 சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். அவருட் சுமார் நூற்றுவர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். கில்லஸ்பியுடன் வந்தவருள் சென்னைப் படையின் இந்தியக் குதிரைவீரரும் இருந்தனர் என்பது கருதத்தக்கது. அவர்களும் இந்நாட்டவரே, அக்கம்பெனியின் கூலியையே உண்டவர். ஆயினும் கோட்டைச் சிப்பாய்களோடு ஒரு பாசறையில் வாழ்ந்தவரல்லர். அவ்வுறுதிமொழி எடுத்த நெருப்பருகே அமர்ந்தவருமல்லர்.

பின்னர் உடைவிதிகள் நீக்கப்பட்டன. கவர்னர் பெண்டிங்கு பிரபுவும் தளபதி கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். கிளர்ந்த பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. முஸ்தபா பெய்க் பொருளும் ஓய்வூதியமும் பெற்றான். உயிரிழந்தவர் மட்டும் மீண்டிலர். ஆணையும் நோக்கும் மாறுபட்டவிடத்து வெல்வது எது என்பதனை அவ்வோரிரவு எழுதிக்காட்டிற்று.

இதுகாறும் உடன்வீரர் நோக்குப் பெரும்பாலும் மானத்தின் பக்கலே நின்றதைக் கண்டோம். இனிக் கூறப்போவது நெஞ்சை நடுக்குவது. ஆயினும் கூறாது விடின் பொருள் முற்றுப்பெறாது. அதன் இடம் ஐரோப்பாவிலுள்ள போலந்து நாடு. காலம் இரண்டாம் உலகப்போர்.

1942ஆம் ஆண்டு சூலை 13ஆம் நாள் விடியற்காலையில், ஜெர்மானியக் காவற்படையின் 101ஆம் பிரிவினர் யூசெபூவ் என்னும் ஊர்க்கு வந்திறங்கினர். ஏறக்குறைய 500 பேராகிய அவர்கள் ஹாம்பர்க் நகரத்தவர், தேர்ந்த போர்வீரரல்லர், துறைமுகத்திலும் பட்டறையிலும் கடையிலும் வேலை செய்த நடுவயதினர், மனைவி மக்கள் உடையவர். மேஜர் டிராப் என்னும் அவர்தம் தலைவர் அனைவரையும் வளைய நிறுத்தி, அவ்வூரிலுள்ள யூதருள் வேலைக்குத் தக்க ஆடவரைப் பிரித்தபின், பெண்டிரையும் குழந்தைகளையும் முதியோரையும் சுட்டுக்கொல்ல வேண்டுமென்று மேலிடத்து ஆணை வந்துள்ளது என்றார். கூறும்போது அவர் கண்கள் கலங்கின, குரல் தழுதழுத்தது. கூறி முடித்து, முதியோருள் இச்செயற்கு மனம் பொருந்தாதார் விலகிக்கொள்ளலாம் என்றார்.

சற்று நேரம் ஒருவரும் அசைந்திலர். பின் ஒருவன் முன்வந்தான். அவனுடைய கம்பெனித் தலைவன் அவன்மேற் சீறினான். டிராப் அச்சீற்றத்தைத் தடுத்து, முன்வந்தவனைத் தம் காவலின்கீழ் வைத்தார். அது கண்டு வேறு பத்துப் பன்னிருவர் விலகினர். 500 பேருள் அவ்வளவே! எஞ்சினார் காட்டுக்குச் சென்றனர். மாலைக்குள் சுமார் 1,500 பேர் கொல்லப்பட்டனர். தொடங்கியபின் மனமுடைந்து விடுதலை கேட்டவரும், வேறிடத்து மறைந்து பொழுது போக்கியவரும் சிலர் உளர். அவரையுங் கூட்டினும், சுடுமாறு ஏவப்பட்டாருள் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற்படார் என்று அச்செய்தியை ஆராய்ந்த கிறிஸ்தோபர் பிரவுனிங் என்னும் அமெரிக்க சரித்திர ஆசிரியர், 1992இல் வெளியான தம் நூலிற் கணக்கிட்டுள்ளார்.

விலகினாரை எவரும் கொன்றாரல்லர், சிறையிட்டாருமல்லர். அவ்வாறிருக்க ஏனையோர் ஏன் விலகவில்லை? 1960க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் வழக்கு விசாரணையில் வினவப்பட்டபோது, தோழர்முன் கோழை எனப்பட அஞ்சினோம் என்றனர் சிலர். தான் விலகின் அவ்விழிதொழிலைத் தன் பங்கிற்கும் சேர்த்துத் தோழர் செய்ய நேரும். அவர்கள் தன்னைத் தள்ளிவைப்பர். அயல்நாட்டில் அவரன்றி வேறு துணை இல்லை என்னும் எண்ணமும் அவர்களைப் பிணித்தது. விலகினவரிற் பலரும், 'இது தீது' என்று கூறாது, 'எமக்கு வலிமை போதாது' என்றே கூறினர் என்பது பெரிதும் கருதத்தக்கது. தீது என்பாராயின் நின்ற தோழரைப் பழித்தவராவர். வலிமையின்மை என்றாலோ அவரைப் புகழ்ந்தவராவர். கூட்டத்தை விட்டு விலகியவரும் கூட்டத்தின் மொழியிலேயே பேச நேர்ந்தது!

யூதர்மேல் ஊட்டி வளர்க்கப்பட்ட பகையே முதற்காரணம் என்று 1996இல் டானியல் கோல்ட்ஹாகன் என்பார் மறுத்தெழுதினார். அப்பகை இருந்ததனை மறுப்பாரில்லை. பகைநஞ்சு நிறைந்திருந்தமையாற்றான் கொலை அவர்களுக்கு எண்ணத்தக்கதாயிற்று. ஆயினும் கையை நடுங்கவிடாது பிடித்ததில் பக்கத்தில் நின்றவன் கண்ணுக்கும் பங்குண்டு. கோழைத்தனம் என்பது எது, ஆண்மை என்பது எது என்னும் அளவுகோலே அக்கூட்டத்திற் புரண்டுபோயிற்று. களத்தில் ஓடுபவனை நாணச்செய்யும் அந்நாணமே, மகவைக் கொல்லாது விடுபவனையும் நாணச்செய்தது. இதனினுங் கொடிது ஒன்று உண்டோ!

இம்மூன்று சான்றுகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் புலப்படுவன இரண்டு. முதலாவது, ஒழுங்கு வேண்டுவோர் ஆணையை எழுதுவதோடு அமையாது, அவ்வாணைக்குக் கீழ்ப்படிந்தவன் தன் தோழர் நடுவில் தலைநிமிர்ந்து நிற்கக் கூடுமோ என்பதனையும் ஆராய்தல் வேண்டும். அது கூடாதாயின் எத்துணைக் கசையும் பயன்படாது. இரண்டாவது, கூட்டத்தினின்று தனித்து முன்வருபவனைக் காத்தல் வேண்டும். வேலூரில் அவனைக் கூட்டத்தார் கையிலேயே ஒப்படைத்தனர், அவன் பித்தனாயினான். யூசெபூவில் முதல்வனுக்கு ஒருவர் நிழல் அளித்தார். அந்நிழலிற் பத்துப் பன்னிருவர் வந்து சேர்ந்தனர். டிராப் அக்கொலைக்குப் பொறுப்பினின்றும் நீங்கினாரல்லர். ஆயினும் ஒருவனைக் காத்தலால் பலர்க்கு வழி திறக்கும் என்பதனை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது. முதல்வன் இகழப்பட்டிருப்பின் இரண்டாமவன் எழுந்திரான்.

அன்பர்காள்! நம் மக்களுட் சிலர் படையிலும் காவற்றுறையிலும் சேர்ந்து தொழில் புரிகின்றனர். சேர விழையும் இளைஞரும் உளர். அவர்க்கு மட்டும் உரியதன்று இவ்வாராய்ச்சி. சங்கம் என்பதும் ஒருவர் நோக்கின்கீழ் மற்றவர் வாழும் வாழ்வேயன்றோ? கல்வியிற் சிறந்த பிள்ளைக்குச் சங்கத்தார் அவையிற் பரிசளிக்கும்போது, அந்நோக்கு நூறு பிள்ளைகளை நூலெடுக்கச் செய்கின்றது. ஊரார் என்ன சொல்வரோ என்று நிலத்தை ஈடுவைத்து மணவிழா நடத்துமிடத்து, அதே நோக்கு ஒரு குடியைச் சாய்க்கின்றது. எளிய முறையில் மகளுக்கு மணஞ்செய்ய முதலில் துணிபவனை நாம் நகுவோமோ, அவனுக்குப் பந்தலின்கண் முதலிருக்கை இடுவோமோ? அவனைப் பின்பற்றப் பத்துப் பன்னிருவர் காத்திருத்தல் கூடும். அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது நம் முகத்தையே.

ஆதலின் நம் இளைஞர்க்கு வீரத்தைக் கற்பிக்குங்கால் அதன் இருவகையையும் கற்பிப்போமாக. தோழரோடு நின்று பகையை எதிர்த்தல் ஒரு வீரம். தோழர் நெறி பிறழ்ந்தவழி, அவர்தம் கண்ணுக்கு எதிராக ஓரடி முன்வைத்தல் மற்றொரு வீரம். முன்னதற்கு உலகம் நடுகல் நாட்டியது. பின்னதற்கு நாட்டும் கடன் நம்மைப் போன்ற அவைகளுக்கு உரியது.